கரியும் சீட்டும்

ஆய்வகத்துக்கு வரும் பொட்டலங்களில் எல்லா ரகமும் உண்டு. பழைய பிலிம் ரோல் டப்பா, ஹோமியோபதிக் குப்பி, ஹார்லிக்ஸ் பாட்டில், அலுமினியத் தாளில் சுற்றி ஜிப் கவரில் போட்டது. ஒருமுறை எவர்சில்வர் சம்புடம்கூட வந்தது. உள்ளே கரி இருக்கும், கூடவே ஒரு சீட்டு. நான் சீட்டைத்தான் முதலில் பிரிப்பேன். குழி எண், மண் அடுக்கு, ஆழம், பக்கத்தில் கிடந்த பொருள், எடுத்த நாள், எடுத்தவர் கையெழுத்து. இவை ஒழுங்காக இருந்தால்தான் அந்தக் கரிக்கு மதிப்பு. "மேட்டில் கிடைத்தது, மிகப் பழமையானது" என்று மட்டும் எழுதி அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். பழமையை அவர்களே முடிவு செய்துவிட்ட பிறகு எனக்கு அங்கே என்ன வேலை?

வேதியியல் படித்துவிட்டு கார்பன் 14 ஆய்வகத்தில் சேர்ந்தவள் நான். தொல்லியலை வேலைக்கு வந்த பிறகு, குழிகளில் இறங்கித்தான் தெரிந்துகொண்டேன். ஊருக்கு வயது என்ன என்று கேட்டுத்தான் எல்லோரும் எங்களிடம் வருகிறார்கள். நாங்கள் அளப்பதோ ஒரு செடி எப்போது செத்தது என்பதை. அந்தச் செடிக்கும் அந்த ஊருக்கும், அந்தக் கரிக்கும் பக்கத்தில் கிடந்த பானைக்கும் என்ன சம்பந்தம் என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது. அதைக் குழியில் நின்றவர்தான் சொல்ல வேண்டும்.

அளக்கும் முறையை விளக்க அதிக நேரம் ஆகாது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேல்வானில் நியூட்ரான்களைக் கிளப்பிவிடுகின்றன. அவை நைட்ரஜன் அணுவில் மோதும்போது கார்பன் 14 பிறக்கிறது. அது ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகிச் செடிக்குள் போகிறது. ஒரு லட்சம் கோடி கார்பன் அணுக்களில் ஏறக்குறைய ஒன்றுதான் இந்த ரகம். செடி உயிரோடு இருக்கும்வரை வரவும் உண்டு, செலவும் உண்டு. செத்த அன்றோடு வரவு நின்றுபோகிறது. செலவு மட்டும் நடக்கிறது, 5730 ஆண்டுக்குப் பாதி என்ற கணக்கில். மிச்சத்தை எண்ணினால் செத்த காலம் தெரியும். 1940களின் இறுதியில் சிகாகோவில் வில்லார்ட் லிபி இதைச் செய்து காட்டினார். காலம் ஏற்கெனவே தெரிந்த எகிப்தியக் கல்லறை மரங்களை வைத்துத்தான் தன் முறையைச் சோதித்துப் பார்த்தார். 1960இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமயத்திலேயே நம் நாட்டிலும் வேலை தொடங்கிவிட்டது. பம்பாயின் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் டி.பி. அகர்வாலும் ஷீலா குசும்கரும் வெளியிட்ட தேதிப் பட்டியல்களைப் பார்த்துத்தான் எங்கள் தலைமுறை தொழில் கற்றது. அந்த ஆய்வகம் பிறகு அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு இடம் மாறியது.

குழிக்கு வருவோம். வைகைக் கரையில் ஒரு தென்னந்தோப்புக்குள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மாதிரி எடுக்கும்போது ஆய்வகத்து ஆள் ஒருவர் கூட இருந்தால் நல்லது என்று என்னை அழைத்திருந்தார்கள். நான் இடுக்கியும் அலுமினியத் தாளுமாக உட்கார்ந்திருக்க, கொத்துக்கரண்டியால் மண் சுரண்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் கேட்டார்: "இத்துனூண்டு கரிய வச்சு என்ன தாயி பண்ணப் போறீக? எங்க வீட்டு அடுப்புல அள்ள அள்ளக் கெடக்கே."

"இது யாரு வீட்டு அடுப்புன்னு பாக்கணும் அப்பத்தா" என்றேன். குழியில் எல்லோரும் அவரை அப்பத்தா என்றுதான் கூப்பிட்டார்கள்.

கொஞ்ச நேரம் பேசாமல் சுரண்டினார். பிறகு, நான் தாளில் எடுத்து வைத்திருந்த நல்ல பெரிய துண்டு ஒன்றைக் காட்டி, "அப்ப அது ஆகாதுல்ல?" என்றார். ஏன் என்று கேட்டேன். "அது எலி வளை மண்ணு. தொட்டுப் பாருங்க, பொலபொலன்னு வருதுல்ல? சுத்தி இருக்குறது இறுகிக் கெடக்கு. மேல கெடந்தத எலி கீழ தள்ளிருக்கும்."

தொட்டுப் பார்த்தேன். சுற்றிலும் கெட்டிப்பட்ட சாம்பல் நிறக் களிமண். நடுவில் கை அகலத்துக்கு மட்டும் மாவு மாதிரி உதிர்ந்தது. சுவரில் தண்ணீர் தெளித்துப் பார்த்தபோது வளை போன தடம் வளைந்து மேல் அடுக்குவரை தெரிந்தது. அந்தத் துண்டை அனுப்பியிருந்தால் ஆய்வகம் துல்லியமாக ஒரு தேதி கொடுத்திருக்கும். அந்த அடுக்குக்கும் அந்தத் தேதிக்கும் ஒட்டும் இருந்திருக்காது, உறவும் இருந்திருக்காது. அதற்குப் பிறகு நான் போன குழிகளில் எல்லாம், மாதிரி எடுக்குமுன் மண் சுரண்டுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. மண்ணைக் கையால் படித்தவர்கள் அவர்கள்.

எலியைக் கண்டுபிடித்துவிடலாம். வேர் அப்படியில்லை. சீமைக் கருவேலத்தின் வேர் எவ்வளவு ஆழத்துக்கும் இறங்கும். மயிரிழை வேர் கரியின் நுண்துளைக்குள் நுழைந்துகொண்டால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. வேர் இந்த வருஷத்துக் கார்பன். 2500 ஆண்டுப் பழைய கரியில் நூற்றுக்கு ஒரு பங்கு இந்தக் காலத்துக் கார்பன் கலந்தால் வயது 30 ஆண்டு குறைந்து காட்டும். பத்துப் பங்கு கலந்தால் கிட்டத்தட்ட 300 ஆண்டு. எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. உடைந்த பொருளை ஒட்டவும் கெட்டிப்படுத்தவும் பூசுகிற பசைகள் பல பெட்ரோலியத்திலிருந்து வந்தவை. பெட்ரோலியத்தில் கார்பன் 14 துளியும் கிடையாது. அது ஒரு பங்கு ஏறினால் 80 ஆண்டு கூடுதலாகக் காட்டும். அதனால்தான் மாதிரியைப் பஞ்சில் வைக்காதீர்கள், காகிதத்தில் சுற்றாதீர்கள், பக்கத்தில் நின்று பீடி குடிக்காதீர்கள், ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பூசணம் பிடிக்க விடாதீர்கள் என்று தொணதொணப்போம். ஆய்வகத்துக்காரி வந்துவிட்டாள் என்றால் குழியில் பாதிப் பேர் முகம் சுளிப்பது எனக்கும் தெரியும்.

எதை எடுப்பது என்பதில்தான் பெரிய விவாதமே நடக்கும். தோண்டுகிறவர்களுக்குப் பெரிய கரிக்கட்டை மேல் ஆசை. எனக்குக் கருகிய நெல்மணி மேல் ஆசை. காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளை இடித்து எடுத்த பர்மா தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கும். அதில் ஒன்றை வாங்கி இன்று அடுப்பில் வைத்தால், மிஞ்சும் கரி இன்றைய தேதியைக் காட்டாது. அந்த மரம் பர்மாக் காட்டில் வளர்ந்த காலத்தைக் காட்டும். அதுவும் வெட்டிய ஆண்டைக்கூட அல்ல. மரத்தின் உள் வைரத்தில் ஒவ்வொரு வளையத்துக்கும் அது உருவான ஆண்டோடு வரவு நின்றுவிடுகிறது. இருநூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் நடுப்பகுதி, பட்டையோரத்தைவிட இருநூறு ஆண்டு மூத்தது. சங்க காலத்துக் கொல்லனும் நல்ல வைரம் பாய்ந்த கட்டையைத்தான் உலைக்குத் தேடியிருப்பான். நெல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரே பருவத்தில் விளைந்து, அறுத்து, ஒன்றிரண்டு ஆண்டுக்குள் உண்டோ புதைத்தோ தீர்ந்துவிடும். சங்கை அனுப்புகிறவர்களும் உண்டு. கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால், கடற்சங்கு ஏறக்குறைய 400 ஆண்டு மூப்பைக் காட்டும். அதற்குத் தனித் திருத்தம் வேண்டும். கம்பு, சோளம், தினை போன்றவை காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதமே நெல்லிலிருந்து வேறு. திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் அறுத்த நெல்லுக்கும் கம்புக்கும் இடையே 200 ஆண்டு வித்தியாசம் வந்து நிற்கும்.

ஆய்வகத்தில் முதல் வேலை சுத்தம் செய்வது. நுண்ணோக்கிக்கு அடியில் ஊசியால் வேர்களைப் பொறுக்கி எடுப்போம். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு போகும். அடுத்தது காரம்: சோடியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கும்போது மண்ணிலிருந்து ஊறியிருந்த மக்குப்பொருள் பழுப்பாக இறங்கும். டிகாக்‌ஷன் நிறம் வெளுத்துத் தெளியும்வரை மாற்றி மாற்றிக் கழுவுவோம். காரம் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கடைசியில் மறுபடி அமிலம். சில கரிகள் இதைத் தாங்காது. காரத்திலேயே முழுதாகக் கரைந்துபோய்விடும். குழியில் ஒரு நாள் முழுக்கக் குனிந்து எடுத்தது பீக்கரில் காணாமல் போகும்போது, அனுப்பியவரிடம் அதைத் தொலைபேசியில் சொல்கிற ஆள் பாடு திண்டாட்டம்தான்.

நான் சேர்ந்த காலத்தில் எல்லாமே பென்சீன் லைன். மேசை நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய்கள், வெற்றிட பம்புகள், திரவ நைட்ரஜன் குடுவைகள். கரியை ஆக்சிஜனில் எரித்துக் கரியமில வாயுவாக்கி, அதை உருகிய லித்தியத்தின் மேல் விட்டு லித்தியம் கார்பைடாக்கி, அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு அசிட்டிலீனாக்கி, அதை வினையூக்கியின் மேல் செலுத்திப் பென்சீனாக்க வேண்டும். அசிட்டிலீன் கட்டம் வரும்போது யாரும் பேச மாட்டோம். கரண்ட் போனால் பம்பு நின்று எண்ணெய் பின்வாங்கி லைனுக்குள் ஏறிவிடும். அதற்குப் பயந்தே மழைக்காலத்தில் எரிப்பு வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்வோம். இவ்வளவுக்கும் பிறகு கையில் மிஞ்சுவது ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் போலத் தெளிந்த சில மில்லிலிட்டர்.

அதை ஒளிரும் வேதிப்பொருளோடு கலந்து, ஈயக் கவசத்துக்குள் இருக்கும் எண்ணும் கருவியில் வைப்போம். ஒவ்வொரு கார்பன் 14 அணு சிதையும்போதும் ஒரு மின்னல் பொறி. இந்தக் காலத்து மரமென்றால் ஒரு கிராம் கார்பனுக்கு நிமிடத்துக்குப் பதின்மூன்று பதினான்கு சிதைவு. 2500 ஆண்டுக் கரியில் பத்து. அந்த மூன்று நான்கு பொறி வித்தியாசத்தில்தான் சங்க காலம் முழுவதும் இருக்கிறது. பத்தாயிரம் பொறி எண்ணினால் பிழை நூற்றுக்கு ஒன்று, அதாவது முன்னே பின்னே 80 ஆண்டு. அதை 30க்குக் கொண்டுவர எழுபதாயிரம் பொறி எண்ண வேண்டும். குப்பி இரண்டு மூன்று நாள் உள்ளேயே இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க உலக ஆய்வகங்கள் அனைத்தும் வைத்திருந்த அளவுகோல் ஆக்சாலிக் அமிலம். 1955இல் விளைந்த பீட்ரூட் வகைக் கிழங்கின் சர்க்கரையிலிருந்து அமெரிக்காவில் செய்தது. கீழ்த்திசை மண்மேடுகளின் வயதெல்லாம் ஒரு கிழங்கு வயலின் அறுவடையோடு ஒப்பிட்டுச் சொல்லப்பட்டது என்பது இன்றைக்கும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இப்போது முடுக்கி வந்துவிட்டது. சிதைவுக்குக் காத்திருக்காமல் அணுக்களையே எண்ணிவிடுகிறது. டெல்லியிலும் புவனேசுவரத்திலும் இந்த வசதி இருக்கிறது. தமிழ்நாட்டு மாதிரிகள் பல அமெரிக்காவின் மயாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக்குக்குப் போய் வந்திருக்கின்றன. கிராம் கணக்கில் கரி கேட்ட காலம் போய், ஒற்றை நெல்மணி போதும் என்றாகிவிட்டது. பென்சீன் வாடையும் போயிற்று. ஆனால் எலி வளையிலிருந்து வந்த ஒற்றை மணியையும் முடுக்கி அதே துல்லியத்தோடு எண்ணித்தான் கொடுக்கும். மாதிரி சிறுத்துப்போனதால் குழியில் நிற்பவரின் பொறுப்பு கூடியிருக்கிறது.

ஆய்வகம் தரும் எண் 2450 ± 30 என்பது போல இருக்கும். இது ஆண்டுக்கணக்கு அல்ல. 1950ஐ நிகழ்காலம் என்று வைத்து, லிபியின் பழைய அரை ஆயுளான 5568ஐயே வழக்கம் கருதி வைத்துப் போட்ட கணக்கு. 1950ஐக் கழித்துக் கி.மு. 500 என்று தலைப்பு போட்ட செய்தித்தாளை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஆண்டைக் கழித்தவர்களும் உண்டு. காற்றில் கார்பன் 14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. ஆண்டு தெரிந்த மர வளையங்களை ஒவ்வொன்றாக அளந்து அதற்கொரு வளைகோடு வரைந்திருக்கிறார்கள். 2020இல் வந்த இன்ட்கால்20தான் இப்போது வடகோளத்துக்குப் பயன்படுவது. அந்தக் கோட்டில் வைத்துப் படித்தால்தான் நாட்காட்டி ஆண்டு கிடைக்கும்.

நம் துரதிர்ஷ்டம், அந்தக் கோடு ஏறக்குறைய கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்டப் படுத்துக்கிடக்கிறது. கி.மு. 800ஐ ஒட்டிச் சூரியன் மந்தமாக இருந்தது. காஸ்மிக் கதிர்கள் அதிகமாக உள்ளே வந்து காற்றில் கார்பன் 14 ஏறியது. பிறகு மெல்ல இறங்கியது. இறங்கிய வேகமும் சிதைவின் வேகமும் ஒத்துப்போனதால், அந்த நானூறு ஆண்டில் எப்போது செத்த செடியாக இருந்தாலும் இன்று ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டுகிறது. 2450 ± 30 என்ற எண்ணைக் கோட்டில் வைத்தால் கி.மு. 750 முதல் 410 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் பதில் வரும். ஐரோப்பியர்கள் இதற்கு ஆஸ்திரிய ஊர் ஒன்றின் பெயரால் ஹால்ஸ்டாட் சமதளம் என்று பெயர் வைத்துப் புலம்புகிறார்கள். உண்மையில் புலம்ப வேண்டியவர்கள் நாம். இரும்புக் காலம் முடிந்து எழுத்து தோன்றும் நம் கதை அந்தச் சமதளத்தில்தான் நடக்கிறது.

பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் தோண்டிய ஈமக்குழி ஒன்றில், நான்கு கால் சாடிக்குள் ஏறக்குறைய இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அதே குழியில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பிரிமணையும் இருந்தது. நெல்லின் தேதி கி.மு. 490 என்று வந்தபோது ஒரே ஒரு தேதியை வைத்து எழுத்தின் காலத்தை முடிவு செய்யலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பிறகு அதே ஊரின் வேறொரு ஈமக்குழியிலிருந்து கி.மு. 450 என்று இரண்டாவது தேதி வந்தது. இரண்டும் சமதளத்துக்குள்தான் இருக்கின்றன; அதனால் 490ஐ 490 என்றே பிடித்துக்கொண்டு தொங்குவதில் பயனில்லை. ஆனால் மாதிரியைப் பாருங்கள்: நெல், மூடிய சாடிக்குள், மூடிய குழிக்குள், எழுதிய பொருளோடு சேர்த்து ஒரே சமயத்தில் வைத்தது. என் அனுபவத்தில் ஒரு தொழில்காரர் இதைவிடச் சுத்தமான மாதிரியைக் கேட்க முடியாது.

கீழடியில் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில் 353 சென்டிமீட்டர் ஆழத்துக் கரிக்குக் கி.மு. 580, 200 சென்டிமீட்டர் ஆழத்துக் கரிக்குக் கி.மு. 205 என்று இருந்தது. ஊரெல்லாம் 580ஐப் பிடித்துக்கொண்டது. மேடைகளில், சுவரொட்டிகளில், பட்டிமன்றங்களில் அந்த ஒற்றை எண். எனக்கு 205தான் பிடித்திருந்தது. கீழே இருந்தது மூத்ததாகவும் மேலே இருந்தது இளையதாகவும் வரிசை கலையாமல் நிற்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. சமதளத்திலிருந்து தப்பிக்க இருக்கும் நல்ல வழியும் இந்த வரிசைதான். அடுக்குக்கு அடுக்கு மாதிரி எடுத்து, எது எதற்குக் கீழே என்ற செய்தியையும் சேர்த்து ஆக்ஸ்கால் போன்ற நிரலில் கொடுத்தால், நானூறு ஆண்டு அகலம் கணிசமாகக் குறுகும். இதற்கு ஒரு குழிக்கு ஒரு மாதிரி போதாது, பத்து வேண்டும். செலவாகும்தான். பத்திரிகையாளர் கூட்டத்தில் ஓர் எண்ணுக்குக் கிடைக்கும் கைதட்டல் பத்து எண்ணுக்குக் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

இப்போது கதை சமதளத்தைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. தாமிரபரணிக் கரைச் சிவகளையில் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் வந்த இரும்பின் தொன்மை அறிக்கையில், அதே ஊரின் தாழிகளில் இரும்போடு கிடந்த கரிக்குக் கி.மு. 3345 வரை போகும் தேதிகள் இருக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கரியோடு நிற்காமல், பானை ஓடுகளையும் ஒளியால் தூண்டிக் காலம் பார்க்கும் முறையில் சோதித்திருக்கிறார்கள். அது சரியான காரியம். அந்த ஓடுகள் காட்டுவது கி.மு. 25ஆம் நூற்றாண்டை. கரிக்கும் ஓட்டுக்கும் நடுவே பல நூற்றாண்டு இடைவெளி. ஓட்டு முறையின் பிழை எல்லை எப்போதும் அகலம்தான். கரிப்பக்கம் பழைய மர வைரமா என்ற கேள்வியும் இருக்கிறது. ஓடு சொல்வதை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இரும்பு மிகப் பழையதாகத்தான் நிற்கிறது. அது எவ்வளவு பழையது என்று கேட்டால், கரி என்ன மரம், தாழியின் வாய் மூடியிருந்ததா, மண் பிறகு இறங்கியதா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அந்தப் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் இன்னும் என்னோடு பேசுகிறார்கள். அடுத்த தாழியில் இரும்போடு நெல்லோ உமியோ ஒரு சிட்டிகை இருந்தாலும், கரியை விட்டுவிட்டு அதை முதலில் அனுப்புங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பாதியை எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டுதான் அனுப்ப வேண்டும் என்றும்.